கன்ட்ரி மியூசிக் திருவிழாவில் ரேணுகா அக்கா

மாம்பழ சீசன் முடிந்தால்தான் எனக்கு உலகம் கண்ணில் படும். சித்தூர் பக்கம் மாங்கூழ் எடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கோடை முழுக்க தோதாபுரி மாம்பழ வாசனையில் முங்கிக் கிடந்துவிட்டு, ஜனவரியில் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாளில்தான் ஹேமா ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாவ நீதான் கூட்டிக்கினு வரணும். டிக்கெட்டெல்லாம் நான் பாத்துக்கறேன். இங்க கன்ட்ரி மியூசிக் திருவிழா ஒண்ணு நடக்குது, அதுக்கு வாங்க."

ஹேமா என் அக்கா ரேணுகாவின் ஒரே மகள். அங்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டேனி என்று அந்த ஊர்ப் பையன், எலக்ட்ரீஷியன். அவனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு, முடிந்த பிறகு போனில் சொன்னாள். அக்கா நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறாள். கணவர் காலமான பிறகு தனியாளாகத் தறி ஓட்டி மகளைப் படிக்க வைத்தவள். அவளால் அந்தக் கல்யாணச் செய்தியைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஹேமா போன் செய்தால், "துன்னியா? தூங்கனியா? சரி, வெக்கறேன்" என்பதோடு சரி. மருமகன் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை.

நான் இருக்கும் புத்தூரிலிருந்து நகரிக்குப் போய்ப் பேசினேன். அக்கா தறியில் அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டாள். பிறகு, "வர்றேன். எம் பொண்ண பாத்துட்டு வந்துடுவேன். அவன் ஊட்ல மட்டும் கால் வெக்க மாட்டேன்" என்றாள்.

அதை நான் தயங்கித் தயங்கி ஹேமாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "அதுக்குத்தான மாமா திருவிழா? அங்க எல்லாரும் டென்ட்லதான் இருப்போம். டென்ட்டு ஊடு இல்லியே!"

நம் பக்கத்திலிருந்து யாராவது இப்படி ஒரு பாட்டுத் திருவிழாவுக்குக் கிளம்பினால் உதவுமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் யோசனை: கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அக்கா பருப்புப் பொடி, ஊறுகாய் இவற்றோடு ஈரத்துணியில் சுற்றி ஒரு கட்டு கறிவேப்பிலையும் கொண்டு வந்தாள். தின்பண்டம் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று ஹேமா எச்சரித்திருந்ததால் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினோம். கடையில் சீல் போட்டு வாங்கிய பொடியும் ஊறுகாயும் தப்பித்தன. கறிவேப்பிலை குப்பைக்குப் போனது. "இந்தக் கறிவேப்பலையால இந்த நாட்டுக்கு இன்னா ஆய்டப் போவுது?" என்று அக்கா வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் ஹேமா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நெட்டையாக, காது சிவக்க நின்ற பையன்தான் டேனி. "ஹலோ ரேணுகா" என்று அணைக்க வந்தான். அக்கா சட்டென்று கைகூப்பினாள். அவன் விரித்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"பேர் சொல்லிக் கூப்புடறான் பாரு" என்று அக்கா என் காதைக் கடித்தாள்.

"இங்க எல்லாரும் அப்பிடித்தான்க்கா."

"நான் எல்லாருமா?"

காரில் போய்க்கொண்டே இருந்தோம். இருபுறமும் காய்ந்த புல், ஆடுகள், கம்பி வேலி. நம் சித்தூர்ப் பக்கம் குப்பத்துக்கும் ராமகுப்பத்துக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு ஒரு ஊராவது வரும். இங்கே ஒரு மரத்தைப் பார்த்தால் அடுத்த மரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. திருவிழாத் திடலை அடைந்தபோது டேனியின் அப்பா ரான் எங்களுக்கு டென்ட் போட்டு வைத்திருந்தார். ஆயுள் முழுக்க லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடி, பெரிய கைகள், தோளில் கிடார். அக்காவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவும் கைகூப்பினாள், முகம் மட்டும் இறுக்கமாகவே இருந்தது.

கன்ட்ரி மியூசிக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கிடார், ஃபிடில், ஒரு டிரம். பாட்டுகளில் பெரும்பாலும் லாரி வரும், மழை வரும், போனவள் வரமாட்டாள், நாய் மட்டும் கூடவே இருக்கும். பாஷை புரியாவிட்டாலும் ஆள் சந்தோஷமாக இருக்கிறானா இல்லையா என்பது புரிந்துவிடும். கேட்க வந்தவர்கள் எல்லாரும் அகலத் தொப்பி, தோல் பூட்ஸ், வெள்ளிப் பட்டை பெல்ட் என்று வந்திருந்தார்கள். பல் டாக்டர்போல் இருந்த ஒருவர்கூட இடுப்பில் மாடு பிடிக்கும் கயிறு சுற்றியிருந்தார்.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாடா இது, திருப்பதி கங்கம்மா ஜாத்திரைல வேஷம் கட்டிக்கினு வர்ற மாரி வந்துகீறாங்க!"

அந்த நாளில் அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. நாம் நினைப்பதுபோல் அந்த வேஷம் வெறும் வேடிக்கையும் இல்லை. தொப்பி இல்லாமல் அந்த வெயிலில் நிற்க முடியாது. நம்மூர் வெயிலில் வியர்க்கும். அங்கே வியர்ப்பதே தெரியாமல் தோல் காய்ந்துவிடும். ஈக்கள் வேறு, மூக்கிலும் கண் ஓரத்திலும் வந்து குடித்தனம் செய்யும். முகத்துக்கு வலை தொங்கும் தொப்பி விற்கிறார்கள், வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், புல்லில் முள் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். உட்கார மடக்கு நாற்காலி கொண்டு போகலாம், ஆனால் உயரம் குறைவாக இருக்க வேண்டும். என்னுடையது கொஞ்சம் உயரம். பின்னால் இருந்த பாட்டி ஒருத்தி மிகவும் மரியாதையாக, "நீங்கள் எனக்குச் சாத்திய ஜன்னல் கதவு மாதிரி இருக்கிறீர்கள்" என்றாள். நான் புல்லிலேயே உட்கார்ந்தேன்.

முதல் நாள் சாயங்காலமே ஒரு கூத்து. திடலிலிருந்து டென்ட் இருக்கும் இடத்துக்கு இலவச பஸ் ஓடுகிறது. திருமலைக்குக் கீழேயிருந்து பஸ் ஏறிப் பழகிய தைரியத்தில், ஹேமா வருவதற்குள் நானும் அக்காவும் ஏறிவிட்டோம். அது எங்கோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் போய் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். பஸ்ஸை ஓட்டிய அம்மாள் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஏறிய பஸ் தப்பா, ஊரே தப்பா?" என்றாள். நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

"ஊருதான்னு சொல்லு" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் சிரித்து, உட்காருங்கள், ஒரு சுற்று சுற்றி நானே கொண்டு விடுகிறேன் என்றாள். பஸ் நெற்றியில் ஒட்டியிருக்கும் நிறத்தைப் பார்த்து ஏற வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களுடையது மஞ்சள்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. பெருமாளுக்காக அக்கா சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள். திடல் முழுக்க வண்டிக் கடைகள், எல்லாவற்றிலும் இறைச்சி புகைகிறது. இறைச்சி இல்லாமல் ஏதாவது உண்டா என்று ஒரு கடையில் கேட்டேன். "கோழி இருக்கே" என்றார் நல்ல மனதோடு. கடைசியில் ரான்தான் கரியை மூட்டி மக்காச்சோளத்தை வாட்டினார். அதே கம்பியில் நேற்று இறைச்சி வாட்டியிருப்பார்களே என்று அக்கா யோசிப்பதை எப்படியோ கண்டுகொண்டு, புதுக் கம்பி வலையை உறையிலிருந்து பிரித்து அவள் கண்முன் வைத்தார். அக்கா பருப்புப் பொடியை எடுத்துச் சோளத்தில் தூவினாள். ரானிடமும் நீட்டினாள். அவர் ஒரு கடி கடித்துவிட்டு இருமினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி பொடிக்குக் கை நீட்டினார். டேனிக்கு அவள் நீட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

முன்பு கடை வரிசையில் என் பின்னால் நின்ற தொப்பிக்காரர் ஒருவர் எனக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்: "பெரிய மேடையை விடுங்கள். அங்கே பேர் பெற்றவர்கள் பாடுவார்கள், உங்களுக்கு அவர்கள் எறும்பாகத் தெரிவார்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் சின்ன மேடை இருக்கிறது, அங்கே பாடுகிறவர்களின் வேர்வை உங்கள் மேல் தெறிக்கும்." பொன்னான யோசனை. அங்கேயே போனோம். காதுக்குப் பஞ்சு மட்டும் மறக்காதீர்கள். எனக்கு இரண்டு பாட்டிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரம் சத்தத்துக்கு அவள் விரல் தானாகத் தாளம் போட்டது. "தறி ஓடற மாரியே கீது" என்றாள்.

உச்சி வெயிலில், தண்ணீர் பாட்டிலை நிரப்பி வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனவள் திரும்பி வரவில்லை.

முதலில் வரிசை நீளம் என்று நினைத்தோம். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. போய்ப் பார்த்தால் குழாயடியில் அவள் பாட்டில் மட்டும் உருண்டு கிடந்தது. அவள் போன் டென்ட்டில் சார்ஜில் இருந்தது. பாஷை தெரியாது. சர்க்கரை நோய் உண்டு. காலையிலிருந்து சாப்பிட்டது பாதிச் சோளம். எந்தப் பக்கம் பார்த்தாலும் தொப்பிகள், ஒரே மாதிரி தொப்பிகள். திருமலைக் கூட்டத்தில் யாராவது தொலைந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். இங்கே தெரியவில்லை. ஹேமா ஒரு பக்கம் ஓடினாள், நான் கழிப்பறைப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் அக்காவின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அப்போது பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு குரல்.

"ரேணுகா அத்தே! ரேணுகா அத்தே! நான் டேனி. நீங்க எங்க? தண்ணி குழாய்கிட்ட வாங்க. ப்ளீஸ், அத்தே."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஹேமா மூச்சு வாங்க என் பக்கம் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. "நான்தான் மாமா சொல்லிக் குடுத்தேன். ஏர்போர்ட்லயே கூப்புடறதா இருந்தான். பயத்துல மறந்துட்டான்."

மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் மைக்கை டேனியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றிருந்தார். அவன் மறுபடி கூப்பிட்டான். முன்வரிசையில் யாரோ, அந்தம்மாள் பேர்தான் அது என்று நினைத்து, "ஆட்டே!" என்று குரல் கொடுக்க, கொட்டகை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான தொப்பிகள் ஒரே குரலில் "ஆட்டே! ஆட்டே!" என்று கூப்பிட்டன. வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

முதலுதவி என்று எழுதிய கூடாரத்திலிருந்து ஒரு பெண் கையை ஆட்டினாள். ஹேமாவை முந்திக்கொண்டு நானும் மேடையிலிருந்து குதித்த டேனியும் ஓடினோம். உள்ளே கட்டிலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி படுத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அக்கா, ஒரு கையால் திருவிழாப் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு. இன்னொரு கையைக் கிழவி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா! உயிரே போச்சு எனக்கு! கூப்ட்டது கேக்கலியா?"

"கேட்டுது. காது நல்லாத்தான் கீது. கொழாயாண்ட இந்தம்மா மயங்கி உழுந்துட்டாங்க. தூக்கிக்கினு வந்தோம். கைய உட மாட்டேங்கறாங்க, எப்பிடி வர்றது?"

அப்புறம்தான் எனக்குப் பின்னால் நின்ற டேனியைப் பார்த்தாள். ஓடி வந்ததில் முகமெல்லாம் செக்கச் செவேல். உதடு காய்ந்திருந்தது. அக்கா காலால் இன்னொரு ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இப்பிடி குந்துப்பா" என்றாள்.

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, உட்கார்ந்தான். அக்கா பேப்பர் விசிறியை அவனிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவன் கிழவிக்கு விசிறினான், பிறகு அக்காவுக்கும்.

சிறிது நேரத்தில் கிழவியின் கணவர் வந்து சேர்ந்தார். இரண்டு கையிலும் கோன் ஐஸ்கிரீம். மனைவியை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனவர், அத்தனை நேரமும் அதைப் பிடித்துக்கொண்டே தேடியிருக்கிறார். முழங்கை வரை வழிந்திருந்தது. அழுதுகொண்டே மனைவியின் கையைப் பிடிக்க வந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கோனை அக்கா கையில் வைத்துவிட்டார். அக்கா அதைப் பார்த்தாள். தின்ன ஆரம்பித்தாள்.

"சுகர் கீதுக்கா உனக்கு."

"சும்மா இருடா. பாவம், எம்மா நேரமா புடிச்சிக்கினு இருந்தாரு!"

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உள்ளே நுழைந்ததும், தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று ஒரு இடத்தை எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை, வந்தவர்களில் விருப்பமுள்ளவர்கள் பாடலாம் என்று அதே கொட்டகையில் ஏற்பாடு. ரான் பேர் கொடுத்திருந்தார். தாடியைச் சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் மேடையேறினார். அவர் பாடியது அவரே கட்டிய பாட்டு. குரல் கரடுமுரடுதான். கோதுமை லாரி ஓட்டிக்கொண்டு போகிறவன், வண்டியில் மனைவியின் படத்தை வைத்திருக்கிறான், வீட்டு விளக்கு தெரிந்தால் ஹாரன் அடிப்பான், அவள் வாசலுக்கு வருவாள். கடைசி அடியில் ஹாரன் மட்டும் அடிக்கிறான். ஹேமா அக்காவின் காதில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டும்போது அக்கா தட்டவில்லை. "இது இவரு கதையா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அந்தம்மா எப்ப போனாங்க?"

ஹேமா மேடையிலிருந்து இறங்கும் ரானைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எங்க கல்யாணம் ஆன அடுத்த வாரம். எங்க ஆஸ்பத்திரிலதான் இருந்தாங்க. நான்தான் பாத்துக்கினேன். டேனிய எனக்குத் தெரிஞ்சதே அப்பிடித்தான். புள்ள கல்யாணத்தப் பாத்துட்டுப் போணும்னு சொன்னாங்க. டாக்டர், டைம் இல்லன்னாரு. வார்டுலயே வெச்சி கையெழுத்துப் போட்டோம்மா."

"அத எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்ல உட்டியா நீ? துன்னியா தூங்கனியான்னு கேட்டு வெச்சிடுவ."

அக்காவின் மணிக்கட்டில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கட்டும் பட்டை. அதைத் திருகிக்கொண்டே இருந்தாள். எனக்கும் இது புதுச் செய்திதான். அடுத்த பாட்டுக்காரி மேடையேறி ஃபிடிலைச் சரிசெய்தாள்.

ரான் கூச்சத்தோடு, எப்படி இருந்தது என்று கேட்பதுபோல் எங்கள் பக்கம் வந்தார். அக்கா எழுந்து நின்றாள். "ஹேமா, இவரு கிட்ட கேளு. அந்தம்மாவப் பொதச்ச எடம் எங்க?"

ஹேமா கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றினார். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு பெரிய மரத்தடி, தினமும் போய்வருகிறேன் என்றார்.

"போலாம்னு சொல்லு. நானும் பாக்கணும். எம் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவங்க இல்லியா?"

மத்தியானம் டென்ட்டைப் பிரித்தோம். இதிலும் ஒரு யோசனை: டென்ட்டை உறையிலிருந்து எடுக்கும்போதே எப்படி மடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப உள்ளே போகாது. நாங்கள் பார்க்கவில்லை. அக்காதான் பொறுப்பெடுத்தாள். நகரியில் தறிக்குப் பாவு நூலை இழுத்துப் பிடித்த கை. டேனியை ஒரு மூலையிலும் என்னை ஒரு மூலையிலும் நிறுத்தி, "இழு, இழு, உட்டுடாத, இப்ப மடி" என்று தமிழிலேயே விரட்டினாள். அவன் ஒரு தடவைகூடத் தப்பாகச் செய்யவில்லை. சோளம் வாட்டிய கம்பி வலையை அவளே தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள். மிச்சமிருந்த பருப்புப் பொடியை ரானின் வண்டிக்குள் வைத்தாள்.

ரான் தன் வண்டியில் அவர்கள் ஊரை நோக்கி முன்னால் போனார். எங்கள் காரில் ஹேமா பின்சீட்டில் ஏறி உடனே தூங்கிவிட்டாள். அக்கா எதுவும் சொல்லாமல் முன்கதவைத் திறந்து டேனியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால், மடியில் நாற்காலிகளோடு.

புல்வெளி மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கங்காரு நின்று எங்களைப் பார்த்தது. டேனி ரேடியோவை மெல்லப் போட்டான். யாரோ ஒருத்தி, கிடாரோடு, அவசரமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. டேனி அதைப் பார்த்துவிட்டு, அவள் தூக்கம் கலையக் கூடாதென்று ரேடியோவை நிறுத்தக் கை நீட்டினான்.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இருக்கட்டும்பா. அவ பாடட்டும்."

நான் மொழிபெயர்க்க முன்னால் குனிந்தேன். அதற்குள் அவன் கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியிருந்தது.